முகம் உள்ளே

"சித்தி, உன் பெட்டி முனகுது."

காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வந்த போன். வாயில் நுரையோடு மில்லி கேட்டாள்.

"எப்படி முனகுது?"

"வயித்துவலிக்காரன் திரும்பிப் படுக்கற மாதிரி. கொஞ்ச நேரம் முனகும், அப்புறம் தானா நிறுத்திக்கும்."

"விசிறியில ஏதாவது உரசுதா?"

"அப்படின்னா டகடகன்னு கேக்கும்ல. இது சும்மா ஒரு முனகல்."

"சூடு எவ்வளவு காட்டுது?"

"அதுதானே உன் பெருமை. அறுபத்தேழு. பழைய பெட்டியில எண்பத்தாறு போகும், அறையே அடுப்படி மாதிரி இருக்கும். இப்போ போர்வை போத்திக்கிட்டுத் தூங்கறேன்."

மில்லி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மில்லிமீட்டரில் பாதி. எதைக் கேட்டாலும் "ஒரு மில்லி தள்ளி", "அரை மில்லி குறைச்சு" என்று பதில் சொல்கிறவளுக்கு உறவுக்காரர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பெண் பார்க்க வந்தவரை அவள் வேண்டாம் என்றபோது, "மாப்பிள்ளை உயரத்துல ரெண்டு மில்லி குறையுதாம்" என்று அக்கா கிளப்பிவிட்ட கேலி பதினைந்து வருஷமாக ஓயவில்லை. அவள் தொழில் கம்ப்யூட்டர் பெட்டிகளை வடிவமைப்பது. மற்ற சாமான் எல்லாம் எங்கெங்கிருந்தோ வரும். அவற்றை அடக்கி வைக்கிற தகரக் கூடு அவளுடையது.

போனில் பேசியது அந்த அக்காவின் மகள். அவளுக்கும் வீட்டில் ஒரு பட்டம் உண்டு: தூங்குமூஞ்சி. இன்னும் கட்டாத வீடுகளுக்குள் நடந்து போவது போலப் படம் செய்து தருவது அவள் வேலை. இரவெல்லாம் வரைவாள். விடிந்ததும் வரைந்ததை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டுப் படுப்பாள். அவள் தூங்கத் தூங்க அது அரைத்துக்கொண்டிருக்கும்.

"இன்னொண்ணு சித்தி. நேத்து திரை ஒரு தடவை கறுத்துப்போச்சு. கண் சிமிட்டற நேரம்தான்."

"டிரைவர் சாப்ட்வேர் பிரச்சினையா இருக்கும். மறுபடி ஏத்திப் பாரு."

"ஏத்திட்டேன்."

"சாயங்காலம் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் அணைச்சு வை."

"அணைக்கவா? நாளைக்குக் காட்டணும். ஒன்பது மணி நேரம் ஓடினாத்தான் முடியும். இப்போதான் ஓட்டிவிட்டேன். அது வேலை பாக்கட்டும், நான் தூங்கறேன்."

"சரி, தூங்கு" என்றாள் மில்லி. அந்த இரண்டு சொல்லைப் பிறகு அவள் பலமுறை திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

பெட்டி அங்கே போய் ஒன்பது நாள் ஆகிறது. நாற்பது பெட்டிக்கு வந்த வேலையில் முதலாவது அது, ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. பெரிய பெட்டிகளில் கிராபிக்ஸ் கார்டு குப்புறப் படுத்துக்கொண்டு, தான் விட்ட சூட்டைத் தானே திரும்ப இழுக்கும். மில்லி அதை நிமிர்த்தி நிறுத்தினாள். விசிறிகள் பக்கவாட்டுச் சல்லடைத் தகட்டைப் பார்த்தபடி, வெளிக்காற்றை நேராகக் குடிக்க வேண்டும். இதற்கு மூன்று மாதம் ஆயிற்று. கையாலேயே அரம் போட்டு முதல் சல்லடையைச் செய்து, எதிரே ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பார்த்தாள். காகிதம் அவள் விரலை விட்டுப் பறந்து போய்ச் சல்லடையில் அப்பிக்கொண்டது. "எப்படி இழுக்குது பார்த்தியா?" என்று, தான் வரைகிற பெட்டிகளைச் செய்து தரும் தம்பியிடம் காட்டினாள். "ம்" என்றான் தம்பி.

ஒரே ஒரு தொல்லை. நிமிர்ந்து நிற்கும் கார்டை மெஷினோடு இணைக்க, கை அகலத்துக்கு ஒரு பட்டைக் கம்பி வேண்டும். ரிப்பன் மாதிரி மடிந்து வரும். சின்னப் பெட்டிக்குள் அதற்கு வழி கிடையாது. கடைசியில் சல்லடைக்கும் கார்டின் நுனிக்கும் நடுவில் மூன்று மில்லி சந்து கிடைத்தது. ஒரு இடத்தில் மட்டும் பட்டை சல்லடைமேல் சாய்ந்தது. அதற்குத்தான் அந்தத் தகட்டின் வரைபடத்தில் ஓரமாக இரண்டே சொல் எழுதினாள்: முகம் உள்ளே.

வரைபடத்தை வாங்கிக்கொண்ட தம்பி வழக்கம்போல ஒரே வார்த்தை சொன்னான்.

"பார்த்துக்கறேன்."

*

டயர் கடைக்கும் மெத்தை கிடங்குக்கும் நடுவில் பட்டறை. தகட்டில் துளை போடும் பிரஸ், மடிக்கும் மெஷின், பெயிண்ட் காயவைக்கும் அடுப்பு. மில்லி போனபோது கடைக்காரர் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது பெட்டியும் அவர் கடைக்குத்தான்.

"வாங்கம்மா. அரை மணி நேரமா உங்க தம்பிகிட்ட பேசிக்கிட்டிருக்கேன். மூணு 'ம்' வாங்கியிருக்கேன்."

"மூணா? உங்கமேல பிரியம் போல. எனக்கு ரெண்டுதான் கிடைக்கும்."

தம்பி தலை நிமிரவில்லை. முப்பத்தொன்பது பெட்டிகளையும் அடுக்கிக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வண்டி நாலு மணிக்கு வரும்" என்றார் கடைக்காரர். "அதுக்குள்ள ஒண்ணைத் திறந்து காட்டுங்க. கேக்கறவங்களுக்கு நான் விளக்கம் சொல்லணும்ல."

மில்லி மேலே இருந்த பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது. சல்லடைத் தகட்டைக் கழற்றி, "காத்து இந்த வழியா நேரா உள்ளே போகும்" என்று சொல்லிக்கொண்டே உட்புறத்தை விரலால் நீவிக் காட்டினாள்.

விரலை எடுத்துப் பார்த்தாள். நுனியில் மெல்லிய சிவப்புக் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்தது.

"கீறிடுச்சா? நல்ல தண்ணியில கழுவுங்க" என்றார் கடைக்காரர்.

மில்லி கழுவவில்லை. தகட்டைத் திருப்பி வெளிப்புறத்தை நீவினாள். வெண்ணெய். மறுபடி திருப்பினாள். துளைக்குத் துளை வாயோரத்தில் மயிரளவு பிசிறு எழும்பி நின்றது. பெயிண்ட் அதை மறைத்திருந்ததே தவிர மழுக்கவில்லை.

பிரஸ்ஸில் துளை போடும்போது ஊசி இறங்குகிற பக்கம் வழவழவென்று இருக்கும். வெளியேறுகிற பக்கம் பிசிறு தள்ளும். வழவழப்பான பக்கத்துக்குப் பட்டறையில் முகம் என்று பேர். வாங்குகிறவர் கை படுவது வெளியே என்பதால் முகம் எப்போதும் வெளியே இருக்கும். இந்த ஒரு தகட்டில்தான் அது உள்ளே இருக்க வேண்டும்.

"தம்பி."

"ம்."

"இதுல முகம் எங்கே இருக்கு?"

"வெளியே."

"நான் என்ன எழுதியிருந்தேன்?"

தம்பி பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"முகம் உள்ளேன்னு எழுதியிருந்தேனா இல்லையா?"

"எழுதியிருந்தே. பார்த்துக்கிட்டேன்."

"என்னத்தைப் பார்த்துக்கிட்டே?"

"முகத்தை யாராவது உள்ளே வைப்பாங்களா? மறுபடியும் இடம் மாத்தி எழுதிட்டே போலன்னு, நானே திருப்பிப் போட்டேன்."

மறுபடியும் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் காது அடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் வேறொரு கம்பெனியில் இருந்தார்கள். அங்கே அவள் வரைந்த ஒரு பக்கவாட்டுத் தகடு கண்ணாடியில் பார்த்தது மாதிரி இடவலம் மாறிப்போய், முப்பது தகடு வீணாயிற்று. மேலாளர் அதில் ஒன்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, கீழே "இடது கை எது?" என்று எழுதி வைத்தார். நாலாம் நாள் அவள் வேலையை விட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் தம்பியும் விட்டான். இந்தப் பட்டறை அப்படி வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தன் வரைபடத்தில் ஒரு பிழைகூட வரவில்லை என்பதுதான் அவள் தலை நிமிர்ந்து நடப்பதற்கு இருந்த ஒரே காரணம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள்.

"கேட்டா உன் முகம் சுருங்கும். அதைப் பாக்கறது எனக்குக் கஷ்டம்."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு பிசிறுக்கா இவ்வளவு பேச்சு? அரம் போட்டுத் தேச்சாப் போச்சு."

"இங்கே பாருங்க" என்றாள் மில்லி. அவளுக்கே தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "இந்த இடத்துல பட்டைக் கம்பி சாஞ்சிருக்கும். பக்கத்துல மூணு விசிறி ஓடுது. நாள் முழுக்க அதிரும். கம்பி இதுமேல உரசி உரசி, மேல இருக்கற பிளாஸ்டிக் உறை கிழியும்."

"அறுந்தா மெஷின் நின்னுடும். அவ்வளவுதானே?"

"அறுந்து உள்கம்பி தகட்டுல நல்லா ஒட்டினா நின்னுடும். கரண்ட் தானா அணைஞ்சிடும். அரைகுறையாத் தொட்டுத் தொட்டு விலகினாத்தான் பயம். மெஷின் நிக்காது. அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும். அப்போ அது..."

நிறுத்தினாள்.

"அது?"

"முனகும்" என்றாள்.

தம்பி துணியைக் கீழே போட்டான். முதல் பெட்டிக்குள் சாமான்களைப் பூட்டி, அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தது அவன். அன்றைக்கு அவளுக்குப் பல்வலி.

மில்லி போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். நாலாம் தடவையும் ஓய்ந்ததும் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா வேலை பார்க்கும் ஆபீஸ் ஊரின் மறுகோடியில் இருந்தது.

"என்னடி வேலை நேரத்துல?"

"வீட்டுல யாரு இருக்கா?"

"அவதான். தூங்கறா. போனைச் சத்தமில்லாம வெச்சுட்டுப் படுப்பா. தலையில தண்ணி ஊத்தினாலும் எழுந்திருக்க மாட்டா. பேரைச் சும்மாவா வெச்சோம்?"

"சாவி எங்கே?"

"மீட்டர் பெட்டிக்கு மேல. ஏன், என்ன ஆச்சு?"

"அந்த மெஷினைத் திறந்து ஒண்ணு பாக்கணும்."

"அதுக்கா இந்தக் குரல்? எவ்வளவு பெரிய விஷயம்?"

"அரை மில்லி இருக்கும்."

அக்கா சிரித்தாள். "உனக்கு எப்பவும் அரை மில்லிதான். போய்ப் பாரு, போ. அவளை எழுப்பிடாதே, பாவம்."

*

தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தபோதுதான் விரலில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை என்று தெரிந்தது. அவன் சட்டையில் பட்டுவிட்டது. வெயில் நெற்றியில் அறைந்தது. முதல் சிக்னலில் சிவப்பு.

"பெட்டியை எங்கே வெச்சே?" அவன் காதருகில் கேட்டாள்.

"தலைமாட்டுல. ஸ்டூல் மேல. அவதான் அங்கே வைக்கச் சொன்னா."

"சல்லடை எந்தப் பக்கம் பாக்குது?"

"ஜன்னல் பக்கம்."

"ஜன்னல்ல என்ன இருக்கு?"

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

"திரைச்சீலை" என்றான் தம்பி. "கனமான சீலை. பகல் வெளிச்சம் ஆகாதுன்னு தரை வரைக்கும் தொங்கவிட்டிருக்கா."

மில்லிக்கு டிஷ்யூ காகிதம் ஞாபகம் வந்தது. தன் விரலை விட்டுப் பறந்து போய்ச் சல்லடையில் அப்பிக்கொண்ட காகிதம். எப்படி இழுக்குது பார்த்தியா.

"சீக்கிரம் ஓட்டு" என்றாள். அவன் ஓட்டிக்கொண்டுதான் இருந்தான்.

மூன்றாவது மாடி. லிப்ட் எங்கேயோ மேலே நின்றிருந்தது, படியில் ஏறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே மூக்கில் ஏறியது அந்த வாசனை. மேலே அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

"உங்களுக்கும் வருதா?" என்றாள். "காலையிலேர்ந்து பிளாஸ்டிக் பொசுங்கற நாத்தம். யாரோ குப்பை கொளுத்தறாங்கன்னு ஜன்னலைச் சாத்திட்டேன்."

"கதவைத் தட்டிப் பார்த்தீங்களா?"

"பொண்ணு பகல்ல தூங்குமே. எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

மீட்டர் பெட்டிக்கு மேலே சாவி இருந்தது. தம்பி அதை எடுத்தான். இரண்டு தடவை தப்பாகச் செருகினான். மில்லி பிடுங்கித் திறந்தாள். கூடத்தில் ஒன்றுமில்லை. அறைக் கதவு சாத்தியிருந்தது, அடியில் துணி செருகியிருந்தது, வெளிச்சம் நுழையாமல்.

உள்ளே இருட்டு. இருட்டில் பச்சையாக ஒரு சின்ன விளக்கு. விசிறிகள் ஓடும் சத்தம் சீராக இருந்தது. அவள் மூன்று மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த சத்தம். அதற்கு அடியில் முனகல். வயித்துவலிக்காரன் திரும்பிப் படுக்கிற மாதிரி என்றாளே, அதேதான். திரைச்சீலையின் ஓரம் சல்லடையில் ஒட்டிக்கொண்டு லேசாகத் துடித்தது.

மில்லி சுவிட்சைத் தேடவில்லை. சுவரில் செருகியிருந்த வயரை அப்படியே பிடித்து இழுத்தாள். எல்லாம் நின்றது. முனகல் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஜன்னலைத் திற" என்றாள். தம்பி சீலையை உதறிவிட்டுத் திறந்தான். வெளிச்சம் போர்வைமேல் விழுந்தது. போர்வை அசையவில்லை.

"ஏய். இந்தா, எழுந்திரு."

அசையவில்லை. மில்லி குனிந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாய்ந்தது. கன்னத்தில் தட்டினாள். அவள் விரல் ரத்தம் அந்தக் கன்னத்தில் ஒட்டியது.

"கண்ணு. சித்தி வந்திருக்கேன். கண்ணைத் திற."

அக்கா மகள் ஒரு கண்ணைத் திறந்தாள். மூடினாள். இருமினாள்.

"முடிஞ்சுடுச்சா?" என்றாள்.



*

எழுந்து முகம் கழுவி, தலைவலிக்குது என்று சொல்லி, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏன் பிடுங்கினே சித்தி? முக்கால்வாசி ஓடியிருக்கும். நாளைக்கு என்னத்தைக் காட்டுவேன்?"

தம்பி திரைச்சீலையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான். காசளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். நடுவில் கறுத்து, விரல் பட்டதும் பொடியாகி உதிர்ந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா சூடு அறுபத்தேழுதானே காட்டுச்சு."

"அது கார்டோட சூடு" என்றாள் மில்லி. "இந்த இடத்தை அளக்க உள்ளே யாரும் இல்லை."

தகட்டைக் கழற்றினாள். பட்டைக் கம்பி சாய்ந்திருந்த இடத்தில் அவள் வரைந்த சல்லடை அச்சாகியிருந்தது. வரிசை வரிசையாகப் புள்ளிகள், அவள் கணக்குப் போட்ட அதே இடைவெளியில், ஒன்றுகூடப் பிசகாமல். ஒரு புள்ளி மட்டும் ஆழமாகக் கறுத்து, அதன் நடுவில் செம்பு தெரிந்தது. சுற்றிலும் உருகிய பிளாஸ்டிக் கண்ணீர் போல வழிந்து இறுகியிருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்?" என்று அக்கா மகள் கேட்டாள்.



தம்பி தகட்டை வாங்கி உட்புறத்தைத் தடவிப் பார்த்தான். தடவிக்கொண்டே இருந்தான்.

"நான் கேட்டிருக்கணும்" என்றான்.

"நான் ஏன்னு காரணம் எழுதியிருக்கணும்" என்றாள் மில்லி. "எழுதினா கெஞ்சற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்."

"கடைக்காரருக்குப் போன் பண்ணு. வண்டி வேணாம்னு சொல்லு. முப்பத்தொம்பதையும் நான் பிரிச்சு வேற தகடு போடறேன். நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டுக் கிளம்பியவன், அவள் முகத்தைப் பார்த்து நின்றான்.

"தம்பி, இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை வரைபடம் உன்கிட்ட குடுத்திருப்பேன்?"

"நாப்பது, அம்பது இருக்கும்."

"ஒவ்வொண்ணுக்கும் பார்த்துக்கறேன்னு சொன்னே."

"ம்."

"பார்த்துக்கறேன்னா நீ வரைபடத்தைப் பாப்பேன்னு நெனச்சேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இதை மாதிரி எத்தனை பார்த்துக்கிட்டே?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"உக்காரு. இங்கேயே யோசி."

தம்பி உட்கார்ந்தான். அக்கா மகள் எதுவும் புரியாமல் இருவரையும் பார்த்தாள். கீழே தெருவில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தம்பி இடது கையை மடியில் மல்லாத்தி வைத்து, சுண்டுவிரலை மடக்கினான்.

"பல் டாக்டருக்குச் செஞ்சோமே, சுவத்துல மாட்டற பெட்டி. அதுல நீ ரெண்டு காத்துத் துளையை மேல போட்டிருந்தே. தப்புன்னு நெனச்சு கீழே மாத்தினேன்."

"அப்புறம்?"

"நூலகத்துக்குப் போனது ஒண்ணு." அடுத்த விரல் மடங்கியது. "பிள்ளைங்க உக்காந்து படிக்கற மேஜைக்கு அடியில வெக்கறது."

மில்லி அக்கா மகளின் மேஜையிலிருந்து ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எழுதும்போது விரல் எரிந்தது.

"ம்" என்றாள்.

தம்பி மூன்றாவது விரலை மடக்கினான்.